நடந்தேறாத நாளை: பழைய எதிர்காலச் சித்திரங்கள் பற்றிய ஒரு நோக்கு

1900ஆம் ஆண்டிலே பாரிஸ் மாநகரில் நடைபெற்ற உலகக் கண்காட்சியை ஒட்டிய ஆண்டுகளில், ஜான் மார்க் கோத்தே என்ற ஓவியரும் வேறு சிலரும் 2000ஆம் ஆண்டின் வாழ்க்கையைக் கற்பனை செய்து வண்ண அட்டைகள் பலவற்றை வரைந்தனர். நெடுங்காலம் அறியப்படாதிருந்த இவ்வட்டைகளை விஞ்ஞானப் புனைகதையாசிரியர் ஐசாக் அசிமோவ் 1986இல் தமது விளக்கங்களோடு நூலாக வெளியிட்டார். அவற்றுள் ஒன்று ஒரு வகுப்பறையைக் காட்டுவது. மாணவர்கள் வரிசையாக அமர்ந்திருக்கின்றனர். அவர்கள் தலைகளிலே கவசம் போன்ற கருவிகள். அவற்றிலிருந்து கம்பிகள் மேலே செல்கின்றன. ஆசிரியர் நூல்களை ஒவ்வொன்றாக ஓர் இயந்திரத்தின் வாயிலே இடுகின்றார். நூல்கள் உள்ளே அரைபட்டு, கம்பி வழியே மாணவர் செவிகளை அடைகின்றன. (பரீட்சைக்கு முந்திய இரவிலே இத்தகைய இயந்திரத்துக்கு ஏங்காத மாணவர் எவருமிலர்.) ஆயின் படத்தைச் சற்று நின்று நோக்குவோர்க்கு இன்னொன்றும் புலனாகும். அவ்வியந்திரத்தின் கைபிடியைச் சுற்றிக்கொண்டு நிற்பவன் ஒரு சிறுவன். நூறாண்டுக்கு அப்பாலுள்ள பள்ளிக்கூடத்தைக் கற்பனை செய்த ஓவியருக்கு, அதன் இயந்திரத்தைச் சுற்ற ஒரு பையன் வேண்டாமென்று தோன்றவில்லை. மற்றைய மாணவர் கற்க, அவன் சுற்றுகின்றான்.

கடந்தகாலத்தவர் கற்பனை செய்த எதிர்காலத்தை நிகழ்காலத்தவர் ஏக்கத்தோடும் நகைப்போடும் மீளப் பார்க்கும் வழக்கத்தை ஆங்கிலத்திலே 'ரெட்ரோ பியூச்சரிசம்' என்பர். இதற்குத் தமிழில் நிலைபெற்ற கலைச்சொல் இல்லாமையால், 'பழைய எதிர்காலம்' என்றே இக்கட்டுரையில் வழங்குவோம். இது பழம்பொருள் சேகரிப்போர் சிலரின் பொழுதுபோக்கென்று ஒதுக்கிவிடக் கூடியதன்று. 1950களின் அமெரிக்கா கனவு கண்ட உலகம் அப்படியே நிலைத்திருந்து 2077இல் அணுவாயுதப் போரால் அழிந்துபோனதாகக் கற்பிக்கும் 'ஃபோல்அவுட்' கணினி விளையாட்டு 1997இல் வெளிவந்தது. அது 2024இல் தொலைக்காட்சித் தொடராகவும் வந்து உலகெங்கும் பார்க்கப்பட்டது. அறுபதுகளின் நியூயோர்க்கிலே பறக்கும் காரையும் இயந்திர மனிதனையும் உலவவிட்ட 'பன்டாஸ்டிக் ஃபோர்' திரைப்படம் 2025இல் வந்தது. நீராவி யுகத்துப் பித்தளைச் சக்கரங்களோடு கற்பனை உலகங்களைப் படைக்கும் 'ஸ்டீம்பங்க்' வகைக்கு கே. டபிள்யூ. ஜீற்றர் 1987இல் பெயரிட்டார். அது இன்று தனியொரு மரபாகவே வளர்ந்துள்ளது. கையடக்கத் தொலைபேசியிலே உலகையே காணும் ஒரு தலைமுறை, வால் முளைத்த காரையும் குமிழ் வைத்த வானொலியையும் விரும்பி நோக்குவதன் காரணம் யாது?

பழமை ஏக்கம் என்பது இதற்குப் பலரும் தரும் விடை. இவ்விடை போதாது. ஏக்கம் என்பது வாழ்ந்து கழித்த காலத்தின்மீது பிறப்பது. பழைய எதிர்காலமோ எவரும் வாழாத காலம். 1962ஐ அறியாத ஒருவன் 1962இன் கனவிலிருந்த 2062ஐ எண்ணி ஏங்குவதைப் பழமை ஏக்கம் என்று மட்டும் கூறினால், விளக்க வேண்டியதை விளக்காமலே விட்டவராவோம்.

1962 என்ற ஆண்டைக் காரணத்தோடுதான் குறிப்பிட்டோம். அவ்வாண்டு செப்டெம்பரிலே அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'ஜெட்சன்ஸ்' என்ற கேலிச்சித்திரத் தொடர் ஆரம்பமாயிற்று. இருபத்துநான்கு அங்கங்களோடு முதற்பருவம் முடிந்துவிட்ட போதிலும், மறு ஒளிபரப்புகளாலே அது தலைமுறைகளைக் கடந்தது. 1985இல் புதிய அங்கங்களும் தயாரிக்கப்பட்டன. நூறாண்டுக்குப் பிந்திய குடும்பம் ஒன்றின் கதை அது. விண்ணிலே தூண்களின்மேல் நிற்கும் வீடுகள், பறக்கும் கார்கள், பொத்தானை அழுத்தினால் வரும் உணவு. இவற்றினிடையே வாழ்பவர் யாவர்? உத்தியோகத்துக்குச் செல்லும் தந்தை, வீட்டைப் பார்க்கும் தாய், மகள், மகன், ஒரு நாய். தந்தையின் தொழில் பொத்தான் அழுத்துவது. ஆனால் பணிநீக்கம் செய்வேனென்று வெருட்டும் முதலாளி அங்கும் உளர். வீட்டு வேலைக்கு ரோசி என்ற இயந்திரப் பணிப்பெண் இருக்கின்றாள். அவள் பழைய மாதிரி என்பதனாலே அவர்களுக்குக் கட்டுபடியாகின்றாள்! போக்குவரத்து, சமையல், சவரம் ஆகிய யாவும் மாறிவிட்டன. கணவன்-மனைவி உறவு, முதலாளி-ஊழியன் உறவு, எசமானி-வேலைக்காரி உறவு ஆகிய மூன்றும் மாறவில்லை. பாரிஸ் ஓவியர் தீட்டிய இன்னோர் அட்டையிலே தரை துடைக்கும் மின்னியந்திரம் ஒன்றுண்டு. அதனை இயக்கி நிற்பவள் வேலைக்காரியே. ஏறத்தாழ அறுபதாண்டுகளின் பின்னர் இயந்திரமும் வேலைக்காரியும் ஓருருவாயினர் என்பதே வேறுபாடு.

பழைய எதிர்காலத்தின் கவர்ச்சியில் ஒரு பாதி இங்கேதான் உள்ளது. உற்பத்திக் கருவிகள் எல்லையின்றி வளர்கின்றன; உற்பத்தி உறவுகளோ இருந்த இடத்திலேயே இருக்கின்றன. எல்லாம் மாறவேண்டும், ஆனால் நமது வீட்டுக்குள் எதுவும் மாறக்கூடாது என்ற நடுத்தர வர்க்க ஆசைக்கு இதனினும் இசைவான கற்பனை வேறில்லை. மாற்றம் தரும் கிளர்ச்சியையும் மாறாமை தரும் அமைதியையும் ஒரே நேரத்தில் வழங்குவதால் அது இதமளிக்கின்றது.

நிற்க. எதிர்காலத்தைப் படம் வரைந்து காட்டுபவர்க்கும் அதனால் ஆதாயம் பெறுபவர்க்கும் இடையிலான உறவும் கவனிக்கற்பாலது. 1939இல் திறக்கப்பட்ட நியூயோர்க் உலகக் கண்காட்சியிலே, ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்துக்காக நோர்மன் பெல் கெடிஸ் என்ற வடிவமைப்பாளர் 'ஃபியூச்சராமா' என்ற காட்சியை அமைத்தார். பார்வையாளர் நகரும் கதிரைகளிலே அமர்ந்து, 1960ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிரமாண்டமான மாதிரியுருவை மேலிருந்து நோக்கிச் சென்றனர். ஐந்து இலட்சம் கட்டடங்கள், பத்து இலட்சம் மரங்கள், ஐம்பதினாயிரம் சிறு கார்கள். அவற்றுள் பத்தாயிரம் கார்கள் நெடுஞ்சாலைகளிலே ஓடிக்கொண்டிருந்தன. வெளியேறுகையில், எதிர்காலத்தைக் கண்டுவிட்டேன் என்னும் பொருள்பட எழுதிய சிறு சின்னம் ஒன்று ஒவ்வொருவருக்கும் வழங்கப்பட்டது. பொருளாதாரப் பெருமந்தத்தின் பத்தாண்டுகளைக் கடந்து வந்தவர்கள், இலட்சக்கணக்கிலே வரிசையில் நின்று அதனைக் கண்டனர்.

அக்காலத்திலேயே வோல்ட்டர் லிப்மன் என்ற பத்திரிகையாளர் இதன் உட்பொருளைச் சுட்டினார். தனியார் முயற்சியின் பயனாகிய மோட்டார் வாகனத்தை மக்கள் முழுமையாகத் துய்க்கவேண்டுமாயின், பொதுப் பணத்தாலே நகரங்களையும் சாலைகளையும் திருத்தியமைத்தாக வேண்டும் என்பதை அந்நிறுவனம் பெருஞ்செலவிலே மக்களுக்கு உணர்த்துகின்றது என்பது அவர் கூற்றின் சாரம். அவ்வாறே நிகழ்ந்தது. 1956இல் அமெரிக்க அரசு மாநிலங்களை இணைக்கும் நெடுஞ்சாலைச் சட்டத்தை நிறைவேற்றியது. அப்போது பாதுகாப்புச் செயலாளராக விளங்கிய சார்ள்ஸ் வில்சன், முன்னர் ஜெனரல் மோட்டர்ஸின் தலைவராக இருந்தவர்.

இவ்விடத்திலே ஒரு முரண் தோன்றுகின்றது. பழைய எதிர்காலங்களுள் ஃபியூச்சராமா ஏறத்தாழ நிறைவேறியது. நெடுஞ்சாலைகள் வந்தன, கார்கள் நிறைந்தன, நகரங்கள் பிளவுபட்டன. ஆயினும் ஆறு தட நெடுஞ்சாலையைப் பார்த்து எவரேனும் ஏங்குவதுண்டா? ஏக்கம் முழுவதும் நிறைவேறாத பகுதியிலேயே தங்கியுள்ளது. அதாவது அந்த நகரும் கதிரையில், அந்தச் சின்னத்தில், முன்பின் அறியாதோர் பலர் ஒருங்கே அமர்ந்து ஒரே நாளையைப் பார்த்த அந்தச் சில நிமிடங்களில். இக்கருத்துக்குப் பின்னர் மீள்வோம்.

புனைகதையாளருள் இக்கவர்ச்சியை உள்ளிருந்தே விசாரணை செய்தவர் வில்லியம் கிப்சன். 1981இல் வெளிவந்த 'கேர்ன்ஸ்பாக் கொன்ரினியம்' என்ற அவரது சிறுகதை பலராலும் விதந்துரைக்கப்படுவது. 1926இல் 'அமேசிங் ஸ்டோரிஸ்' சஞ்சிகையைத் தொடங்கிய ஹியூகோ கேர்ன்ஸ்பாக்கின் பெயரே தலைப்பில் உள்ளது. முப்பதுகளின் எதிர்காலக் கனவிலே எழுப்பப்பட்டு இன்று சிதைந்து நிற்கும் கட்டடங்களைப் படம்பிடிக்கச் செல்லும் புகைப்படக் கலைஞன் ஒருவனுக்கு, அந்த நடவாத உலகமே கண்முன் தோன்ற ஆரம்பிக்கின்றது. ஒளிரும் கோபுர நகரையும் வானூர்திகளையும் காண்கின்றான். அங்கே வாழ்வோரையும் காண்கின்றான். வெண்ணிறமும் பொன்முடியும் நீலக்கண்களும் குறையற்ற உடலும் கொண்ட ஒரு தம்பதி. அத்தருணத்திலே நாசி இளைஞர் இயக்கத்தின் பிரசாரம் அவன் நினைவுக்கு வருகின்றது. இதிலே மிகையேதுமில்லை. குறையற்ற நகரத்தை வரைபவன், குறையுள்ளவர் எங்கே போயினர் என்ற வினாவுக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவன். எவ்வளவு அழகிய எதிர்காலச் சித்திரமாயினும், அதனுள் யார் இல்லை என்று கேட்பதே விமர்சகனின் முதற்பணி எனக் கருதுகின்றேன்.

இத்துடன் நிறுத்தியிருப்பின் நமது கட்டுரை இலகுவாகவே முடிந்திருக்கும். முதலாளித்துவம் விற்ற கனவு, இனவாதம் கலந்த கனவு, ஆகவே தள்ளத்தக்கது எனத் தீர்ப்புக் கூறி அமையலாம். ஈழத்துத் திறனாய்வு மரபிலே பயின்றவர்க்கு இத்தீர்ப்பு நன்கு பழக்கமானது. என் கையும் முதலில் அதனையே எழுதியது. ஆனால் இத்தீர்ப்பினால் விளக்க முடியாத ஒரு கட்டடம் பல்கேரியாவிலே பூஸ்லுட்ஷா மலையுச்சியில் நிற்கின்றது.

பறக்கும் தட்டின் வடிவிலே கொங்கிறீற்றினால் எழுப்பப்பட்ட அம்மண்டபம் 1981இல் பல்கேரியக் கம்யூனிஸ்ட் கட்சியின் நினைவகமாகத் திறக்கப்பட்டது. 1891இலே அந்நாட்டுச் சோசலிசவாதிகள் இரகசியமாகக் கூடிய இடம் அம்மலை. கெயோர்கி ஸ்தொய்லோவ் அதன் கட்டடக் கலைஞர். 1989இன் ஆட்சி மாற்றத்துக்குப் பின்னர் அது கைவிடப்பட்டது. கூரை பிளந்து, உட்சுவரின் வண்ணக்கல் ஓவியங்கள் உதிர்ந்தன. இன்று உலகெங்குமிருந்து இளைஞர் அதனைப் படமெடுக்கச் செல்கின்றனர். மொஸ்கோவிலே 1964இல் நிறுவப்பட்ட, தைத்தேனியத் தகடு போர்த்து வானை நோக்கி நூறு மீற்றருக்கும் மேல் உயரும் விண்வெளி வெற்றி நினைவுச்சின்னமும் இத்தகைய பார்வையைப் பெறுகின்றது. இங்கே சொல்லப்பட்ட எதிர்காலம் ஜெட்சன் குடும்பத்தின் எதிர்காலமன்று. உறவுகளை மாற்றுவோம், வேலைக்காரியும் எசமானியும் இல்லாத உலகத்தை உண்டாக்குவோம் என்ற வாக்குறுதியே அதன் அடிப்படை. அவ்வாக்குறுதி பொய்த்த விதமும், அதன் பெயரால் நிகழ்ந்த கொடுமைகளும் யாவரும் அறிந்தவையே. எனினும் விற்பனைக்குரிய கனவும் விடுதலைக்குரிய கனவும் இன்று ஒரே புகைப்படத் தொகுப்பிலே, ஒரே ஏக்கத்துக்கு உரியனவாக அருகருகே கிடக்கின்றன. அவ்வாறாயின், இரண்டிலும் பொதுவாக இருந்து இன்று நம்மிடம் இல்லாமற் போனது எது?

லெனின்கிராட்டிலே பிறந்து அமெரிக்காவிற் பேராசிரியராக விளங்கிய ஸ்வெற்லானா போய்ம், 2001இல் வெளியிட்ட 'ஏக்கத்தின் எதிர்காலம்' எனப் பொருள்படும் தமது நூலிலே ஏக்கத்தை இருவகைப்படுத்தினார். இழந்த வீட்டை மீளக் கட்டியே தீருவேன் என்பது ஒருவகை. கட்ட முடியாதென்பதை அறிந்தும் இழப்பின்மீதே சிந்தனையை நிறுத்துவது மற்றையது. முதலாவது தன்னை ஏக்கம் என்றே உணராது, உண்மை என்றும் பாரம்பரியம் என்றும் கருதிக்கொள்ளும். போய்மின் இப்பகுப்பு நமக்குப் பயன்படுவது. ஆயினும் அவரது இரண்டாம் வகைக்கும் அடியிலே, பழைய எதிர்காலத்தைப் பொறுத்தமட்டில் பிறிதொன்றும் உண்டு. நாளை என்பது அக்காலங்களிலே பொதுச்சொத்தாக இருந்தது. கண்காட்சியிலே, தபாலட்டையிலே, பாடப்புத்தகத்திலே, கட்சி மண்டபத்திலே அது பலர் முன்னிலையில் வைக்கப்பட்டது. பொய்யாகவே இருந்தபோதும், எல்லோருக்கும் சொல்லப்பட்ட பொய். எல்லோருக்கும் சொல்லப்பட்டமையாலேயே, பின்னர் எங்கே அது என்று கேட்கும் உரிமையும் எல்லோருக்கும் உண்டாயிற்று.

பான் அமெரிக்கன் விமானக் கம்பனியின் கதை இதற்குத் தக்க சான்று. சந்திரப் பயணத்துக்கான முதல் விமானங்களிலே இடம் வேண்டுவோர் பெயரை 1968 முதல் 1971 வரை அது பதிந்து, இலக்கமிட்ட அங்கத்துவ அட்டைகளை இலவசமாக வழங்கியது. தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்டோர் பதிந்தனர். விளம்பர உத்திதான், ஐயமில்லை. அதே 1968இல் ஸ்ரான்லி குப்ரிக்கின் '2001: ஏ ஸ்பேஸ் ஒடிசி' திரைக்கு வந்தது. விண்ணோடத்தின்மேல் அக்கம்பனியின் சின்னம். விண்நிலையத்துத் தொலைபேசியிலே பெல் நிறுவனத்தின் சின்னம். அமெரிக்க விஞ்ஞானியோடு உரையாடச் சோவியத் விஞ்ஞானிகள். உண்மையான 2001 வருவதற்குள் பெல் அமைப்பு 1984இல் பிரிக்கப்பட்டது. சோவியத் ஒன்றியமும் பான் அமெரிக்கனும் 1991 டிசெம்பரில் மறைந்தன. படத்தில் வந்த தட்டையான கைத்திரையோ மெய்யாயிற்று. 2011இல் அப்பிள் நிறுவனத்தோடு நடந்த காப்புரிமை வழக்கிலே சம்சுங் நிறுவனம் அப்படத்தின் காட்சியையே முன்வைத்தது. நிலையானவை என்று கலைஞர் நம்பியவை அழிய, விளையாட்டாக வைத்தவை எஞ்சின. இப்படத்தை இன்று பார்க்கையிலே எழும் உணர்ச்சியில் பாதிக்குமேல் இதனாலேயே எழுகின்றது போலும்.

அப்படத்தின் கதையைக் குப்ரிக்கோடு சேர்ந்து ஆக்கியவர் ஆர்தர் சி. கிளார்க். அவர் 1956 முதல் 2008இல் மறையும்வரை இலங்கையில் வாழ்ந்தவர். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராகவும் பணியாற்றியவர். ஆகவே பழைய எதிர்காலம் என்பது அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மாத்திரம் உற்பத்தியான சரக்கன்று. அதிலொரு பகுதி இத்தீவிலே இருந்து எழுதப்பட்டது. 1979இல் வந்த அவரது 'சொர்க்கத்தின் ஊற்றுகள்' எனப் பொருள்படும் நாவல் இத்தீவையே களமாகக் கொண்டது. இருபத்திரண்டாம் நூற்றாண்டிலே பொறியியலாளர் ஒருவர் பூமியிலிருந்து விண்வெளிக்கு ஏறும் கோபுரமொன்றை எழுப்ப முனைகின்றார். அத்தகைய கோபுரம் மத்தியகோட்டிலேயே நிற்கவேண்டும் என்பதனால், தப்ரபேன் என்று பெயர் சூட்டிய தீவைக் கிளார்க் தெற்கே நகர்த்திவிடுகின்றார். சிகிரியாவையும் சிவனொளிபாத மலையையும் நினைவூட்டும் இடங்கள் உள்ளன. பொறியியலாளருக்கும் மலையுச்சி மடாலயத்துக்கும் இடையிலானதே நாவலின் பிரதான முரண்பாடு. அதே 1979இலேதான் இந்நாட்டில் பயங்கரவாதத் தடைச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. இரண்டும் ஒரே தீவில், ஒரே ஆண்டில்.

கிளார்க் அதனையும் எழுதியிருக்க வேண்டும் என்று கேட்பது விமர்சனமாகாது. ஒரு தீவைக் கோட்டுக்கு நகர்த்தும் உரிமை புனைகதையாளனுக்கு உண்டு. ஆயினும் இந்நாவலை இன்று நூலகத்தில் எடுத்து வாசிக்கும் என் போன்றோர்க்கு அதன் கவர்ச்சி மறுக்க முடியாதது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2022இலே எரிபொருள் வரிசைகளில் நின்ற தலைமுறை எம்முடையது. எதிர்காலம் என்று எம்மிடையே பேசப்படுவது பெரும்பாலும் ஒரு காலத்தை அன்று, ஓர் இடத்தை. கனடா, இலண்டன், அவுஸ்திரேலியா என அதற்குப் பெயர்கள் உள. இத்தீவிலேயே, இத்தீவுக்காக ஒரு நாளை கற்பிக்கப்பட்டதை முதன்முதல் வாசித்தபோது எனக்குப் பொறாமைதான் வந்தது. விண்கோபுரத்தில் எனக்கு நம்பிக்கையில்லை. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு அப்பால் இங்கே எதுவோ கட்டப்படும் என்று ஒருவர் அத்தனை இயல்பாக எண்ணியதே வியப்பாயிற்று.

எனவே பழைய எதிர்காலத்தை மீள எழுதும் இன்றைய ஆக்கங்களை எவ்வாறு மதிப்பிடுவது? பெரும்பாலானவை அலங்காரத்தோடு நின்றுவிடுகின்றன. பித்தளைச் சக்கரமும் வால் முளைத்த காரும் போதுமென எண்ணுகின்றன. 'ஃபோல்அவுட்' இவற்றிலும் மேலானது. சாம்பல் பூமியிலே புன்னகைத்து நிற்கும் விளம்பரச் சித்திரத்தின் மூலம், அந்தப் புன்னகையும் அந்தக் குண்டும் ஒரே தொழிற்சாலையிலிருந்து வந்தவை என்பதை அது மறைப்பதில்லை. ஆயின் என் மதிப்பீட்டில் இத்துறையின் தலையாய ஆக்கம் ரெரி கில்லியம் 1985இல் இயக்கிய 'பிரேசில்' திரைப்படமே.

அதன் காலம் இருபதாம் நூற்றாண்டில் ஏதோவோர் இடம் என்று மட்டுமே சுட்டப்படுகின்றது. தட்டச்சுப்பொறியின்மேல் பொருத்திய சிறு திரைகள், அவற்றைப் பெரிதாக்கப் பூதக்கண்ணாடிகள், ஒவ்வொரு வீட்டையும் ஊடுருவிச் செல்லும் தடித்த குழாய்கள். மற்றைய எதிர்காலங்கள் குழாய்களைச் சுவருக்குள்ளே மறைக்கும். கில்லியம் அவற்றை அறை நடுவே தொங்கவிடுகின்றார். அக்குழாய்களைப் படிவம் நிரப்பாமல், அனுமதி பெறாமல், இரவிலே வந்து திருத்திச் செல்லும் டட்டில் என்ற தொழிலாளி அரசின் கண்ணில் குற்றவாளி. அவனைக் கைதுசெய்யும் ஆணை அச்சாகும்போது, இயந்திரத்துள் ஒரு பூச்சி விழுந்து ஓரெழுத்து மாறிவிடுகின்றது. டட்டில் 'பட்டில்' ஆகின்றான். நத்தார் இரவிலே, பட்டில் என்ற எளிய குடும்பத்தவன் மனைவி மக்கள் முன்னிலையில் சாக்கிலே கட்டிக் கொண்டுசெல்லப்படுகின்றான். அவன் திரும்பி வருவதில்லை. அவனைக் கொண்டுசெல்லும் உத்தியோகத்தர் அவன் மனைவியிடம் ஒரு பற்றுச்சீட்டை நீட்டுகின்றார். கணவனை ஒப்படைத்தமைக்காக அவள் கையொப்பமிட வேண்டியுள்ளது. பின்னர் பிரதியொன்றை அவளிடமே கொடுத்துவிட்டு, ஒழுங்கு தவறாமல் வெளியேறுகின்றார். மேற்குலக விமர்சகர் பலர் இக்காட்சியை அபத்த நகைச்சுவை என்று பாராட்டியுள்ளனர். இங்கே அதனைப் பார்ப்பவர்கள் அவ்வளவு சிரிப்பார்கள் என்று தோன்றவில்லை.